பழைய மவுண்டன் பைக்கை விற்கப் போகிறேன்: பெயின்ட் அடித்து விற்பதா, இப்படியே விற்பதா?

ஜனவரி 4, இரவு 9.40

என்னிடம் இருக்கிற மவுண்டன் பைக்கை விற்றுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஸ்டீல் ஃபிரேம், 26 இன்ச் சக்கரம், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஆறு, கட்டைவிரலால் தள்ளுகிற கியர் லீவர். சஸ்பென்ஷன் கிடையாது. எனக்கு விற்றவர் 1985 மாடல் என்று சொன்னார். என் கையில் 19 வருடமாக இருக்கிறது. ஒருமுறைகூட விழுந்ததில்லை.

அருமை தெரிந்த ஆள் கைக்குப் போக வேண்டும் என்பதுதான் ஆசை. முழுசாக ஓவராயில் செய்து, பெயின்ட் அடித்து, புது டயர், புது சீட், புது செயின் போட்டுவிட்டு விளம்பரம் கொடுக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். பார்க்கப் புதுசு போல இருந்தால்தானே விலை கிடைக்கும்? ஏற்கெனவே விற்ற அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பிரித்து உதிரி உதிரியாக விற்கும் யோசனையை மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். முழு வண்டியாகத்தான் போகும்.

ஜனவரி 4, இரவு 10.15

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டவருக்கு: ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபிரேமோடு இணைக்கும் தண்டு) 140 மில்லிமீட்டர் நீளம். ஹேண்டில்பார் சீட்டைவிடத் தாழ்வு. அந்தக் காலத்து வண்டி எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான், உடம்பை முன்னால் இழுத்துப் படுக்க வைத்துவிடும். இருபத்தைந்து வயதில் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இப்போது அரை மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்கிறது. இரண்டு வருடமாகச் சுவரில்தான் தொங்குகிறது.

குட்டையான, உயரமான ஸ்டெம் போட்டுப் பார்த்தேன். கழுத்துக்குச் சுகம், ஆனால் ஏற்றத்தில் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கிறது. கழற்றிப் பழையதையே மாட்டிவிட்டேன்.

ஜனவரி 6, காலை

எல்லோரும் ஒரே குரலில் "பெயின்ட் அடிக்காதே" என்கிறீர்கள். அசல் பெயின்ட் ஒருமுறை போனால் போனதுதான் என்பது புரிகிறது. ஆனால் பதில் சொன்ன மூன்று பேரில் ஒருவர் சொன்ன காரணம் வேறு: புது பெயின்ட் அடித்த பழைய ஃபிரேமைப் பார்த்தால் அவருக்கு முதலில் சந்தேகம்தான் வருமாம். எதை மறைத்திருக்கிறார்கள் என்று. வெல்டிங் பக்கத்தில் விரிசல், நசுங்கல், துரு, எல்லாம் ஒரு கோட் பெயின்டுக்குள் போய்விடும். எனக்கு இது தோன்றவே இல்லை. நான் அடிக்க நினைத்தது மறைப்பதற்காக இல்லை, சீட்டைத் தாங்கும் குழாயான சீட் டியூபின் அடியில் துரு கொப்புளம் போட்டிருக்கிறது, அதற்காகத்தான். இருந்தாலும் வாங்குகிறவருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

ஜனவரி 6, இரவு

முன்னாலிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் டவுன் டியூபில் இருந்த பெயர் ஸ்டிக்கர் என்னிடம் வருவதற்கு முன்பே உரிந்துவிட்டது. சீட் டியூபில் தாங்கே என்ற ஜப்பானியக் கம்பெனியின் குழாய் ஸ்டிக்கர் பாதி மிச்சம். அது மட்டும்தான் அடையாளம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

இன்றைக்கு விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் குழாயோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் வெயில் படவில்லை அல்லவா, அங்கே மட்டும் நீலம் ஒரு படி அடர்த்தி. முதல் எழுத்தும் கடைசி இரண்டும் கண்ணுக்குத் தெரிகிறது. நடுவில் கீறல் அதிகம், வாசிக்க முடியவில்லை. பெயின்டரிடம் கொடுத்திருந்தால் முதல் வேலையாக இதைத்தான் தேய்த்து எடுத்திருப்பார்.

பெயின்ட் திட்டம் ரத்து.

ஜனவரி 9

"பின் பிரேக் எங்கே இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். செயின்ஸ்டேக்கு (பெடல் அச்சிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்) அடியில், பெடல் அச்சுக்குப் பின்னால், என்றேன். "அப்படியானால் 1985 கிடையாது" என்று உடனே சொல்லிவிட்டார். அது யு-பிரேக். மவுண்டன் பைக்குகளில் 1986 முதல் இரண்டு மூன்று வருடம் அலை மாதிரி அடித்து ஓய்ந்த சமாச்சாரம். அழுத்தம் பிரமாதமாக இருக்கும், ஆனால் சேறு முழுக்க அங்கேதான் போய் அடையும். மழைக்குப் பிறகு குச்சியை விட்டு நோண்டி எடுத்த அனுபவம் எனக்கு நிறைய. அதைத் தாங்குகிற முளைகள் ரிம்முக்கு வெளியே, டயர் பக்கமாகத் தள்ளி இருக்கும். கான்டிலீவர் பிரேக்கின் முளைகள் ரிம்முக்கு உள்ளே இருக்கும். அதனால் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றொன்றை மாட்டிக்கொள்ள வழியில்லை. ஃபிரேம் செய்யும்போதே தீர்மானமான விஷயம்.

வலது லீவரில் கிளிக் கிளிக் என்று கியர் விழுகிறதா என்று அடுத்த கேள்வி. விழுகிறது. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோவின் அந்த கிளிக் முறை ரேஸ் சைக்கிளுக்கான டியூரா-ஏஸ் வரிசையில் 1984-ல் வந்தது. மவுண்டன் பைக்குக்கான டியோர் எக்ஸ்டி வரிசைக்கு வந்து சேர மேலும் இரண்டு வருடம் ஆனது. 1985 இன்னும் தள்ளிப் போனது.

கடைசியில் பாகங்களின் முதுகைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார்கள். தெரியாதவர்களுக்காக: பழைய ஷிமானோ பாகங்களில் இரண்டு ஆங்கில எழுத்து பொடியாகக் குத்தியிருக்கும். முதல் எழுத்து வருடம்: ஏ என்றால் 1976, பி என்றால் 1977, அப்படியே வரிசையாக. இரண்டாவது எழுத்து மாதம்: ஏ ஜனவரி, எல் டிசம்பர். பின் டீரெய்லரின் (செயினைத் தள்ளிக் கியர் மாற்றும் பாகம்) கிரீஸைத் துடைத்ததும் எல்-எச் என்று பளிச்சென்று வந்தது. 1987 ஆகஸ்ட். வலது கிராங்க் (பெடல் பூட்டும் கை) எல்-எஃப், 1987 ஜூன். ஆக, 1987 கடைசியில் பூட்டி, 1988 மாடலாக வெளிவந்த வண்டியாக இருக்க வேண்டும். பின் டிராப்அவுட் (சக்கர அச்சு உட்காரும் வெட்டு) இடைவெளியும் அளந்தேன், 130 மில்லிமீட்டர். அதுவும் பொருந்துகிறது.

இடது கிராங்க்தான் இடிக்கிறது. பி-சி என்று இருக்கிறது, பீட்டர் என்பதன் பி. 1991 மார்ச். யாரோ மாற்றியிருக்கிறார்கள். சதுர அச்சில் இடது கிராங்க் லூசாகி, அப்படியே ஓட்டித் துளை மழுங்கிப் போவது சகஜம், எனவே ஆச்சரியமில்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது: முன் ரிம்மும் பின் ரிம்மும் வேறு வேறு தயாரிப்பு. இது எப்போது ஆனது என்று ஞாபகம் வரவில்லை.

ஜனவரி 10

"1988 எல்லாம் விண்டேஜா?" என்று ஒருவர் கேட்டது மனதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

கலிஃபோர்னியாவின் மரின் மலைகளில் முதல் ரீபேக் இறக்கப் பந்தயம் 1976 அக்டோபர் 21-ல் நடந்தது. 1930-களின் பருத்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, ஏறக்குறைய 400 மீட்டர் இறக்கத்தில் விட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக் அது. கீழே வந்து சேரும்போது ஹப்பிலிருந்த கிரீஸ் கருகி ஆவியாகிப் போயிருக்கும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். ரீபேக் என்றால் மறுபடி அடைப்பது, பந்தயத்தின் பெயர் வந்தது அதனால்தான். 1977-ல் ஜோ பிரீஸ் இதற்கென்றே முதல் ஃபிரேமைச் செய்தார், அது இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979-ல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் டாம் ரிட்சியின் ஃபிரேம்களை வைத்து வியாபாரம் தொடங்கினார்கள். 1981-ல் ஸ்பெஷலைஸ்டின் ஸ்டம்ப்ஜம்பர் வந்து, கையால் ஒன்றிரண்டாகச் செய்துகொண்டிருந்ததைத் தொழிற்சாலைப் பொருளாக்கியது. 1982-ல் ஷிமானோ டியோர் எக்ஸ்டி.

இந்த வரிசையில் என் வண்டி எங்கே நிற்கிறது? அதற்குள் ஜப்பானிலும் தைவானிலும் ஆயிரக்கணக்கில் செய்து குவித்துக்கொண்டிருந்தார்கள். அபூர்வம் என்று நான் சொன்னால் பொய். ஆனால் 1989-ல் ராக்‌ஷாக்ஸ் சஸ்பென்ஷன் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போடுவதற்கு முன்னால், கையும் காலும் டயரும் மட்டும்தான் சஸ்பென்ஷன் என்றிருந்த கடைசித் தலைமுறை இது. எனக்கு விண்டேஜ் என்றால் அதுதான். விளம்பரத்தில் "அரிய" என்ற சொல்லைப் போடப் போவதில்லை.

ஜனவரி 13

டயர் விஷயம், சுருக்கமாக. 26 என்று போட்டிருக்கிற எல்லா டயரும் ஏறாது. மவுண்டன் பைக் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 559 மில்லிமீட்டர். சாதாரண சைக்கிளில் வருகிற 26 × 1 3/8 டயர் 590. இரண்டுக்கும் 31 மில்லிமீட்டர் வித்தியாசம். டயரின் பக்கவாட்டில் 559 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நான் வாங்கவில்லை. இருக்கிற டயரின் பக்கம் வெடித்து நூல் தெரிகிறது. அதைப் படமெடுத்துப் போட்டுவிடுவேன். வாங்குகிறவர் தனக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்ளட்டும்.

ஜனவரி 24

பதினோரு நாளாக ஆளைக் காணோமே என்று கேட்டவர்களுக்கு: சீட் போஸ்ட் சிக்கிக்கொண்டது.

சொல்லப்போனால் எப்போதோ சிக்கியிருக்கிறது, நான் அசைத்துப் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது. ஸ்டீல் குழாய்க்குள் அலுமினியம் போஸ்ட், நடுவில் வேர்வையும் மழைத் தண்ணீரும். அலுமினியம் அரித்துப் பூத்து, பூத்தது இடமில்லாமல் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கிரீஸ் தடவி வருடத்துக்கு ஒருமுறை ஏற்றி இறக்கியிருந்தால் இந்தப் பாடு வந்திருக்காது.

குழாயைச் சூடாக்கச் சொன்ன நண்பருக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. சூட்டில் அலுமினியம் ஸ்டீலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். உள்ளே இருப்பது அலுமினியம் என்பதால் இன்னும் இறுகத்தான் செய்யும். குளிர வைத்தால் பலன் உண்டு. அதுவும் போக, சூடு காட்டினால் அசல் பெயின்ட் என்ன ஆகும்?

நான் செய்தது: பிராக்கெட்டில் இருக்கும் பெடல் அச்சைக் கழற்றிவிட்டு வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பிராக்கெட் வழியாக சீட் டியூபுக்குள் துருநீக்கி எண்ணெயை விட்டேன். தினமும் காலையில் கொஞ்சம், இரவில் கொஞ்சம், ஒன்பது நாள். பத்தாம் நாள் சீட்டைக் கழற்றி, போஸ்டின் தலையை மேஜை வைஸில் இறுக்கிக் கட்டி, ஃபிரேமையே இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கதவுக் கீல் கத்துகிற மாதிரி ஒரு சத்தம். ஒரு நூல் அசைந்தது. அந்தப் பக்கம் ஒரு நூல், இந்தப் பக்கம் ஒரு நூல் என்று முக்கால் மணி நேரம். வெளியே வந்தபோது போஸ்ட் முழுக்கச் சாக்பீஸ் பொடி போல வெள்ளையாக அப்பியிருந்தது. துடைத்துப் பார்த்தால் 26.8 என்ற அளவு எண் தெளிவாக இருக்கிறது.

கை இன்னும் வலிக்கிறது, ஆனால் இன்று இரவு நன்றாகத் தூங்குவேன்.

ஜனவரி 25

யு-பிரேக்கைச் சுற்றிச் சேற்றை எடுத்தபோது இடது செயின்ஸ்டேயில், பிரிட்ஜ் ஒட்டிய வெல்டிங் ஓரம், முடி மாதிரி ஒரு கோடு. வயிற்றில் புளியைக் கரைத்தது.

பெயின்ட் மட்டும் வெடித்திருக்கிறதா, உலோகமே வெடித்திருக்கிறதா என்று பார்க்கப் பழைய பட்டறை முறை ஒன்று இருக்கிறது. மெல்லிய எண்ணெயை அந்த இடத்தில் தடவிக் கொஞ்ச நேரம் ஊற விடவும். துணியால் சுத்தமாகத் துடைக்கவும். மேலே சாக்பீஸ் பொடியைப் பூசிவிட்டுக் காத்திருக்கவும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடாக எழும். இரண்டு மணி நேரம் பார்த்தேன், பொடி வெள்ளையாகவே இருந்தது. இன்னொரு முறை செய்தேன், அப்போதும் வெள்ளைதான். பெயின்ட் வெடிப்பு மட்டுமே. இதையும் படமெடுத்து வைத்துவிட்டேன்.

ஃபிரேம் கெட்டி என்று இப்போது தைரியமாக எழுதலாம்.

ஜனவரி 28

விளம்பரம் தயார். கேட்டவர்களுக்காக அதன் சாரம்: 1988 மாடலாக இருக்கலாம், ஆதாரம் பாகங்களின் எழுத்துகள். பெயர் ஸ்டிக்கர் இல்லை. இடது கிராங்க் 1991. முன் ரிம் மாற்றப்பட்டது. சீட் டியூப் அடியில் துரு. செயின்ஸ்டேயில் பெயின்ட் வெடிப்பு, சோதித்தேன். டயர் ஓட்டத்துக்கு ஆகாது. கியர் லீவர் இரண்டும் அசல், வலதில் கிளிக்கும் வேலை செய்கிறது, கிளிக் இல்லாத முறையும் வேலை செய்கிறது. விழுந்ததில்லை. முழு வண்டியாக மட்டும்.

மொத்தம் 31 படங்கள். செயின் பக்கம் முழு வண்டி, பிராக்கெட் அடியில் குத்திய எண், நான்கு டிராப்அவுட், ஒவ்வொரு கீறலும் பக்கத்தில் ஸ்கேல் வைத்து.

விலையையும் எழுதிவிட்டேன். "நீங்களே ஒரு விலை சொல்லுங்கள்" என்று போடுகிற விளம்பரங்களை எனக்குப் பிடிப்பதில்லை. பொருள் என்னுடையது, 19 வருடம் வைத்திருந்தவன் நான், முதலில் வாயைத் திறக்க வேண்டியதும் நான்தான்.

பிப்ரவரி 2

ஒருவர் கியர் லீவர், யு-பிரேக், இரண்டு டீரெய்லர், வலது கிராங்க் மட்டும் கேட்டார். நல்ல மனிதராகத்தான் பேசினார். அந்த லீவர்களுக்கு ஏன் இவ்வளவு மவுசு என்றும் அவர்தான் விளக்கினார்: பிறகு வந்த ஷிமானோவின் முதல் ரேபிட்ஃபயர் கியர் லீவரில் இரண்டு பொத்தானையும் கட்டைவிரலாலேயே அழுத்த வேண்டும், உள்ளே கிரீஸ் காய்ந்து போனால் கியரே விழாது. இதில் அந்தச் சிக்கல் எதுவும் இல்லை. கிளிக் கெட்டுப்போனாலும் வளையத்தைத் திருப்பிவிட்டு விரல் கணக்கில் கியர் போட்டுக்கொண்டு வீடு வந்து சேரலாம். பாகங்களுக்கு அவர் சொன்ன தொகை, நான் முழு வண்டிக்குக் கேட்டதில் முக்கால் பங்கு.

இல்லை என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை, மனம் மாறினால் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்.

பிப்ரவரி 8, மாலை

இன்று நேரில் ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும். முழு வண்டிக்கு வந்தவர். அண்ணன் என்றே கூப்பிட்டேன். கையில் ஒரு இரும்பு ஸ்கேல், ஒரு சிறு டார்ச், ஒரு பழைய துணி, வேறொன்றும் கொண்டுவரவில்லை.

கியரையும் பிரேக்கையும் அவர் தொடவே இல்லை. நேராக முன்னால் போய் உட்கார்ந்து, ஹெட் டியூபுக்கு (ஃபோர்க் நுழையும் முன்குழாய்) பின்னால் டவுன் டியூபின் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தை மெதுவாக அடியோடு இழுத்துக்கொண்டு போனார். ஓரிடத்தில் நகம் நின்றது. திரும்பவும் இழுத்தார். அதே இடத்தில் நின்றது.

"தம்பி, கையைக் கொடுங்க" என்று என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். ஒரு மேடு. அரிசி மணி உயரம்கூட இருக்காது, குழாயின் அகலத்துக்குக் குறுக்கே ஓடுகிறது. கண்ணால் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்த பிறகுதான் நிழல் விழுந்தது. பெயர் ஸ்டிக்கரைத் தேடி நான் டார்ச் அடித்த இடத்திலிருந்து ஒரு சாண்கூட இல்லை.

"முன்னால எதுலயோ மோதியிருக்கு. இந்தக் குழாய் ரெண்டு முனையிலயும் கனமா இருக்கும், நடுவுல மெலிசா இருக்கும். கனம் முடிஞ்சு மெலிசு ஆரம்பிக்கிற இடத்துலதான் மடங்கும்" என்றார். பிறகு ஸ்கேலை ஹெட் டியூபின் நேர்கோட்டில் வைத்து ஃபோர்க்கைக் காட்டினார். கால்கள் இரண்டும் அந்தக் கோட்டிலிருந்து பின்னால் தள்ளி நின்றன.

"விழுந்ததில்லன்னு எழுதியிருந்தீங்களே" என்று கேட்டார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. எனக்குப் பதில் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பிப்ரவரி 8, இரவு 1.20

ஞாபகம் வந்துவிட்டது. முன் ரிம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் சித்தப்பா மகன் ஒருநாள் வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். இருட்டில் இறக்கத்தில் வந்து கல்கட்டில் நேராக மோதிவிட்டான். அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, முன் சக்கரம் எட்டு மாதிரி வளைந்துவிட்டது. பழுது பார்த்தவர் வேறு ரிம் போட்டு, ஃபோர்க்கை நெம்பி நேராக்கிக் கொடுத்தார். "ஒன்றும் ஆகவில்லை" என்றார், நானும் நம்பினேன். அவனுக்கு அடிபடவில்லை என்ற நிம்மதியில் வண்டியை அன்றைக்கே மறந்துவிட்டேன் போல. நான் விழவில்லை என்பது மட்டும் மனதில் தங்கி, வண்டி விழவில்லை என்று மாறிவிட்டது.

அதற்குப் பிறகு பத்து வருடம் இதே வண்டியில் மலை இறக்கத்தில் வேகமாக வந்திருக்கிறேன். தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 9

ஜனவரி 4-ல் "விழுந்ததில்லை" என்று எழுதியது தவறு. ஜனவரி 25-ல் "ஃபிரேம் கெட்டி" என்று எழுதியதும் தவறு. பின்பக்கத்தை இரண்டு முறை சோதித்தவன் முன்பக்கத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. விளம்பரத்தை எடுத்துவிட்டேன். வந்துபோன அண்ணனுக்கு அழைத்து நடந்ததைச் சொன்னேன். "எனக்குத் தெரியும் தம்பி, மறைக்கிறவங்க வெளிச்சத்துல வெச்சுக் காட்ட மாட்டாங்க" என்றார்.

பழைய வண்டி வாங்கப் போகிற யாராவது இதைப் படித்தால்: டவுன் டியூப், டாப் டியூப், இரண்டின் அடிப்பக்கத்தையும் ஹெட் டியூபிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு நகத்தால் தடவிப் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு. முன் ரிம்மும் பின் ரிம்மும் வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். என்னிடம் யாராவது விடாமல் கேட்டிருந்தால் எனக்கு அன்றைக்கே ஞாபகம் வந்திருக்கும்.

பிப்ரவரி 14

ஃபிரேமைச் சரிசெய்ய முடியாதா என்று இரண்டு பேர் கேட்டீர்கள். அந்தக் குழாயையே அறுத்து எடுத்துவிட்டு வேறு போடலாம், ஃபிரேம் செய்யத் தெரிந்தவர் செய்வார். பெயின்ட் போய்விடும், ஃபோர்க்கும் வேறு வேண்டும். செலவு வண்டியைத் தாண்டிவிடும். இப்படியே விற்றால் வாங்குகிறவர் ஓட்டமாட்டேன் என்று சத்தியம் செய்தாலும், அவரிடமிருந்து வாங்குகிற அடுத்த ஆள் ஓட்டுவார்.

பிப்ரவரி 2-ல் பாகம் கேட்டவரிடம் பேசினேன். அவர் ஏன் கேட்டார் என்று அன்றைக்கு நான் விசாரிக்கவே இல்லை. அவரிடம் அதே காலத்து ஃபிரேம் ஒன்று இருக்கிறது, வெறும் ஃபிரேமும் ஃபோர்க்கும் மட்டும். செயின்ஸ்டேக்கு அடியில் யு-பிரேக் முளை இரண்டும் மொட்டையாக நிற்கின்றன. நான்கு வருடமாகப் பிரேக் தேடுகிறாராம். படம் அனுப்பினார். அதே நீலம். ஸ்டிக்கர் முழுசாக இருக்கிறது. முதல் எழுத்தும் கடைசி இரண்டும் பொருந்துகின்றன.

கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பிரிப்பதில்லை என்று பிடிவாதமாக எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். பின் சக்கரம், சீட் போஸ்ட், ஸ்டெம், ஹேண்டில்பார் எல்லாமே அவருக்குத்தான். அவர் சொன்ன தொகைக்கு மேல் கேட்கவில்லை.

பிப்ரவரி 21

கழற்றி முடித்தேன். இடது பெடலின் மரை தலைகீழ், மறந்துவிட்டு வழக்கமான பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். கிராங்க்கைக் கழற்றும்போது புல்லரை முழுசாக மரையில் ஏற்றிய பிறகுதான் திருக வேண்டும், அரைகுறையாக ஏற்றினால் கிராங்க்கின் மரையே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். டீரெய்லர்களை எண்ணெய் துடைத்துத் தனித்தனித் துணியில் சுற்றினேன். லீவரின் சின்ன வாஷர்களைக் கழற்றிய வரிசையிலேயே கம்பியில் கோத்துக் கட்டிவிட்டேன். பின் ஹப்பின் அச்சு நுனி அட்டையைக் குத்திக் கிழிக்காமல் இருக்க இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்தேன்.

ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அதன் எழுத்தை எழுதினேன். எல்-எச். எல்-எஃப். கடைசியில் இடது கிராங்க், பி-சி.

ஃபிரேமும் ஃபோர்க்கும் என்னிடமே இருக்கும். மேடு இருக்கிற இடத்தில் வெள்ளை பெயின்டால் ஒரு வட்டம் போட்டுவிட்டேன், நான் இல்லாத நாளில் யாரும் தெரியாமல் எடுத்துப் பூட்டிவிடக் கூடாது.

மார்ச் 6

சேர்ந்துவிட்டது. நேற்று இரவு அழைத்தார். பேசவில்லை, ஃபோனை லீவர் பக்கத்தில் வைத்து ஆறு கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். ஐந்து கிளிக். எனக்குத் தெரிந்த சத்தம்.

மழை வந்தால் யு-பிரேக்கில் சேறு சேரும், குச்சி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். 140 ஸ்டெம் அவருக்குச் சரியாக இருக்கிறதாம். முப்பத்தொரு வயது.

ஒரு குறை மட்டும். இடது கிராங்க்கையும் 1987 ஆகவே போட வேண்டும் என்று ஆசைப்படுகிறார். டியோர் எக்ஸ்டி, 175 மில்லிமீட்டர், இடது, முதுகில் எல்-லில் தொடங்கும் எழுத்து. அச்சுத் துளை மழுங்காமல் இருக்க வேண்டும், மேலே கீறல் இருந்தால் பரவாயில்லை. யாரிடமாவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், செலவு என்னுடையது.